அடியில் நின்ற நாலு விரல் தண்ணீர்

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஆனாலும் கராஜ்காரர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. நான் அதில் இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு கேள்வி என் பெயரைப் போட்டே வந்தது.

"தாஸ் அண்ணே, இந்தியாவுல இப்ப பெட்ரோல்ல எதனோல் கலந்துதான் அடிக்கிறாங்களாம். மொனராகலையில கரும்பு இருக்கு, நம்ம இலங்கையிலயும் ஒரு நாளைக்கு வரும்னு பேசிக்கிறாங்க. வண்டிக்குக் கலந்தது நல்லதா, கலக்காதது நல்லதாண்ணே?"

நான் பார்ப்பதற்குள் கீழே ஏழெட்டுப் பதில்கள் விழுந்திருந்தன. கலந்தால் இன்ஜின் செத்துவிடும் என்று ஒருவர். அதெல்லாம் புரளி, வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டது என்று இன்னொருவர். வேறொருவர் துருப்பிடித்த கார்பரேட்டர் ஒன்றின் வீடியோவை அனுப்பிவிட்டு அழுகிற முகப் பொம்மையும் போட்டிருந்தார். நானும் ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். பெட்ரோலைப் பற்றி இரண்டே வரி எழுதி ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவன் நான். அதனால்தான் இந்த நீளமான பதில்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில் பத்தொன்பதாவது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் நட்டு கழுவினேன். இரண்டாம் வருடம் கழுவிய நட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வருடம்தான் ஸ்பேனரைக் கையில் பிடிக்கவிட்டார்கள். அங்கே வாங்கிய திட்டுக்கும் தின்ற பாணுக்கும் பருப்புக்கும் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பிறகு தோட்டக் கம்பெனியின் பொது கராஜில் மெக்கானிக் வேலை கிடைத்தது. மடுல்சீமை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களின் லொறி, ட்ராக்டர், ஜீப், புல்வெட்டும் மெஷின் எல்லாம் எங்கள் கைக்குத்தான் வரும். முப்பத்தேழு வருடம் அங்கேயே இருந்தேன்.

சேர்ந்த சில வருடங்களிலேயே எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஒரு தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் ஜீப் மேடு ஏறும்போதெல்லாம் இருமியது. மூன்று பேர் பார்த்து, பிளக்கை மாற்றி, பாயின்ட்டை மாற்றி, கைவிட்டுவிட்டார்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு வளைவு ஏறினேன். இன்ஜினுக்குள்ளே தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்குங்க சார்" என்றேன். டாங்கியை இறக்கிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து 'தாஸ் காது' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காதுக்குக் கிடைத்த மாலையைத் தலைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். நான் சொன்னால் அதற்குமேல் யாரும் திறந்து பார்ப்பதில்லை, நானும் சேர்த்துத்தான்.

அந்தப் பெருமைக் காலத்தில் நான் கொடுத்த ஒரு யோசனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். மடுல்சீமைப் பக்கத்தில் உச்சியில் இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் பெட்ரோல் அடிக்கிற ஷெட் வெகுதூரம். ஆகவே ஒரு பீப்பாயில் பெட்ரோலைச் சேமித்துக் கைப்பம்பு வைத்து இறைத்துக்கொள்வார்கள். பீப்பாயின் துருவும் ஃபேக்டரித் தேயிலைத் தூசியும் கார்பரேட்டரை அடைத்துக்கொண்டே இருந்தன. நான் போய்ப் பார்த்துவிட்டு, "புதுப் பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னால பீப்பாயத் தண்ணி ஊத்தி அலசிக் கவுத்துருங்க. ஒரு செம்பு ரெண்டு செம்பு உள்ள நின்னாலும் பரவால்ல. தண்ணியும் பெட்ரோலும் சேராது, அது பாட்டுக்கு அடியில கெடக்கும். பம்புக் குழாய மட்டும் ரெண்டு விரல் தூக்கி வையுங்க" என்றேன். பனிமூட்டம் விலகாத அந்த ஊரில் பீப்பாயைக் காயவைப்பதென்றால் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் அப்படியே செய்தார்கள். அடைப்பு நின்றது. இருபது வருடத்துக்கு மேல் அதுவே அந்தத் தோட்டத்தின் வழக்கமாகிவிட்டது.

எனக்கு ஐம்பத்தேழு வயதாகும்போது கராஜுக்குப் புதுப் பொறியியலாளர் ஒருவர் வந்தார். பெயர் தர்ஷினி. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, கெம்பஸ் போய்ப் படித்து வந்தவர். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நம் லயத்துப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது உண்மை. என் மகள் வயதுள்ள ஒருவர் எனக்கு மேலதிகாரியா என்று வயிறு எரிந்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே காலையில் நடந்தன.

மிஸ் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் பேனா மூடியைத் திறந்து மூடுவார், அவ்வளவுதான். வந்த முதல் வாரம் ஒரு லொறி பிரேக் விஷயமாக நான் எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். 'மாஸ்டர் சிலிண்டர் பழுது' என்று ஒரே வரி. அடிமட்டத்தை வைத்து தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

"தாஸ் அண்ணே, இடது பக்கம் நீங்க பாத்தது, தொட்டது, கேட்டது, மோந்தது. வலது பக்கம் அத வச்சு நீங்க நெனச்சது. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க."

"முடிவு சரியாத்தானே இருக்கு மிஸ்?"

"இருக்கு. ஆனா இடது பக்கம் காலியா இருந்தா, முடிவு தப்பாப் போற அன்னைக்கு எங்க தப்புச்சுன்னு திரும்பிப் போய்ப் பாக்க வழி இருக்காதுங்கண்ணே."

பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட கொப்பியில் எழுதவைப்பதுபோல் என்னை எழுதவைக்கிறார்களே என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன். மிஸ் இருக்கிற நாட்களில் கோடு போட்டு எழுதுவேன். இல்லாத நாட்களில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பிறகு நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. பசறையிலிருந்து பதுளை வரை ரோட்டோரத்தில் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன. கராஜில் எங்களுக்கு வேலையே இல்லை. ஓடினால்தானே பழுதாகும்? ஆனால் மேலே சொன்ன உச்சித் தோட்டத்தில் நோயாளிகளை ஏற்றும் சின்ன வேன் ஒன்று இருந்தது. அதுவும் பெட்ரோல் வண்டி. அது நின்றால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேறு வழியே இல்லை. அதனால் தோட்டத்துப் பெரிய துரை, கீழ்நாட்டு வியாபாரி ஒருவனிடம் இரண்டு பீப்பாய்ப் பெட்ரோல் வாங்கினார். ஒன்றைத் தோட்டத்துப் பீப்பாயில் ஊற்றிக்கொண்டார்கள். மற்றது வியாபாரியின் பீப்பாயிலேயே, கம்பி முத்திரையுடன், அப்படியே தோட்டத்துப் பெட்ரோல் ஸ்டோரில் நின்றது.

அந்த வேனின் டிரைவர் பெருமாள். என் கூட்டாளி. சொந்தம் ஏதும் இல்லை, ஆனாலும் முப்பது வருடமாக எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். அந்தப் பெட்ரோல் ஸ்டோர் சாவியும் அவனிடம்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மலையில் குளவிக்கூடு கலைந்து கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களைக் கொட்டிவிட்டது. அதில் காளியம்மாவுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுத்தது. பெருமாள் மூவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பாதி இறக்கத்தில், பெரிய பாறை வளைவில், வேன் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. அதன்பிறகு எடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம். கடைசியில் மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் மூட்டைகளை ரோட்டில் இறக்கிவைத்துவிட்டு மூவரையும் பதுளைக்குக் கொண்டுபோனார். அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, அவர் நல்லா இருக்கணும். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் காளியம்மாவைப் பார்த்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

மத்தியானமே என்னை ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். மிஸ், அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். வேனின் ஃபில்டரைக் கழற்றினேன், அடியில் தெளிவாகத் தண்ணீர். டாங்கியைத் திறந்தேன், அதிலும் அப்படியே. நேரே பீப்பாய்க்குப் போனேன். கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருப்பது அடுக்கு மாறாமல் வரும். மேலே பெட்ரோல் நிறம், கீழே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு போத்தலில் பிடித்து பெயரெழுதி ஒட்டிக்கொண்டேன். அந்தப் பழக்கம் மட்டும் பதுளை கராஜ் எனக்குக் கொடுத்த புண்ணியம்.

அலசிய தண்ணீர் என்றால் ஒரு விரல்கூட வராது. நாலு விரல் என்றால் யாரோ கலந்திருக்க வேண்டும். நாலு விரல் பெட்ரோலை இறைத்து விற்றுவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டியிருக்கிறான். அந்த நாட்களில் ஒரு போத்தல் பெட்ரோலுக்கு ஆள் ஆளாய் அலைந்தார்கள் அல்லவா? தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா தாளை நீட்டினார். 'பெட்ரோலில் தண்ணீர் கலக்கப்பட்டுள்ளது. அதனாலேயே வேன் நின்றது.' இரண்டு வரி, கீழே என் கையெழுத்து. கோடு கீடு ஒன்றும் போடவில்லை.

பெருமாளின் பெயரை நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, சாவி யாரிடம் என்பது ஊருக்கே தெரியும். அன்று பின்னேரமே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திங்கட்கிழமை விசாரணை. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதைவிட, பொம்பளைகளின் உயிரோடு விளையாடிய களவாணி என்று லயத்தில் அவன் வாசலில் நின்று ஏசினார்கள். காளியம்மாவின் மகன் கத்தியோடு போனதை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்களாம்.

சனிக்கிழமை காலை பெருமாள் பஸ் பிடித்துக் கராஜுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், நான் தண்ணி ஊத்துனத நீ பாத்தியா?"

"அடியில தண்ணி இருந்துச்சு. அதத்தான் எழுதினேன் பெருமாளு."

"இருந்துச்சு சரி. நான் ஊத்துனேனான்னு கேக்குறேன்."

"நான் ஒன் பேர எழுதலயே."

"நீ எழுதுனா அதுக்கு மேல யாரு மச்சான் பாக்கப்போறா? தாஸ் சொல்லிட்டாருன்னா முடிஞ்சுபோச்சு. நீ ஒருத்தன் என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

அவன் படியிறங்கிப் போனான். தப்பு செய்தவன் வந்து மன்றாடுவான், இவன் கேள்வி கேட்டுவிட்டுப் போகிறானே என்று அப்போதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது.

விஷயம் கேள்விப்பட்டு மிஸ் லீவை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். என் இரண்டு வரியைப் படித்தார். பேனா மூடி திறந்து மூடியது, திறந்து மூடியது. பிறகு அடிமட்டத்தை எடுத்து நடுவே கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"இடது பக்கம் ஒண்ணுமே இல்லியேண்ணே. மொதல்ல இருந்து சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

சொன்னேன். ஃபில்டர், டாங்கி, கண்ணாடிக் குழாய், நாலு விரல். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"மோந்தீங்களா?"

"பெட்ரோல் ஸ்டோருக்குள்ள நின்னு எத மோந்தாலும் பெட்ரோல் வாசந்தானே மிஸ்."

"கையில ஊத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. மடுல்சீமைக் குளிர் தெரியுந்தானே."

"எதுல தொடச்சீங்க?"

யோசித்தேன். பையில் கைதுடைக்கிற கைலேஞ்சி மடிப்புக் கலையாமல் இருந்தது ஞாபகம் வந்தது. போத்தலில் ஒட்டும் தாளில் உடனே எழுதினேன், மை ஊறவில்லை.

"தொடைக்கல மிஸ். அதுவாக் காஞ்சிருச்சு."

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த மூட்டத்துல தண்ணி அதுவாக் காயுமாண்ணே?"

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தாறு வருடத் தொழில். என் கை சரியாகத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போனோம். அடுத்து மிஸ் செய்ததை அப்படியே சொல்கிறேன், இப்போதைய கராஜ்காரர்களுக்கு உதவும். நூறு வரை கோடு போட்ட கண்ணாடி அளவுக் குழாயில் பத்தாம் கோடுவரை தண்ணீர் ஊற்றினார். அதன்மேல் எங்கள் ஜீப்பிலிருந்து எடுத்த, பதுளை ஷெட்டில் அடித்த பெட்ரோலை நூறுவரை ஊற்றி, மூடி, குலுக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியைவிட்டு, நிமிர்த்தி வைத்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் அதே பத்தில் நின்றது. பிறகு குழாயைக் கழுவி, மறுபடி பத்துவரை தண்ணீர், மேலே முத்திரை உடையாத இரண்டாம் பீப்பாயின் பெட்ரோல். குலுக்கி நிறுத்தினார். தண்ணீர்க் கோடு மெல்ல மெல்ல ஏறி இருபதைத் தொட்டு நின்றது.

பெட்ரோலுக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஒன்று தண்ணீரைக் கண்டதும் அதன் பக்கம் போய்விட்டது. அது ஸ்பிரிட். கரும்பிலிருந்து வடிக்கும் எதனோல். பெட்ரோல் தட்டுப்பாட்டில் வியாபாரி அதைக் கலந்து விற்றிருக்கிறான். தண்ணீர் படாதவரை அது பெட்ரோலோடு ஒற்றுமையாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து, குளிரும் சேர்ந்தால், பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அப்படி இறங்கியதுதான் அந்த நாலு விரல். பம்புக் குழாய் நின்றது இரண்டு விரல் உயரத்தில்தான், அதனால் அதுவே வேனுக்கும் போயிருக்கிறது.

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். "அப்ப வியாபாரி மேலதான் குத்தம். பெருமாளு தப்பிச்சான் மிஸ்."

"தப்பிச்சாரு." மிஸ் இரண்டாம் பீப்பாயைக் காட்டினார். "இதுலயும் அதே பெட்ரோல்தான். அதே குளிர்தான். இதுல ஏன்ணே பிரியல?"

இரண்டு பீப்பாய்களையும் மாறிமாறிப் பார்த்தேன். இது வியாபாரியின் பீப்பாய். அது தோட்டத்துப் பீப்பாய். அதைப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் வழக்கப்படி அலசிக் கவிழ்த்திருப்பார்கள். ஒரு செம்பு ரெண்டு செம்பு நின்றிருக்கும். நின்றாலும் பரவாயில்லை என்று அவர்களுக்குச் சொன்னவன் யார்?

அந்தப் பழைய யோசனையை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே குழாயைத் துடைத்த மிஸ் கடைசியில், "சுத்தப் பெட்ரோலுக்கு நீங்க சொன்னது சரியான யோசனைதாண்ணே. இந்தப் பெட்ரோல் வரும்னு அப்ப யாருக்குத் தெரியும்? பெருமாள் அண்ணனக் காப்பாத்த இந்தக் குழாயே போதும். இத எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம்" என்றார். எனக்கு ஓய்வுக்கு எட்டே மாதம் இருந்தது. தாஸ் காது, தாஸ் பெயர், முப்பத்தாறு வருடம் எல்லாம் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, பேசாம இரு, பேசாம இரு என்றன.

திங்கட்கிழமை தோட்ட ஆபீஸ் முற்றத்தில் விசாரணை. பெரிய துரை, கிளாக்கர் ஐயா, தொழிற்சங்கத் தலைவர்மார், லயத்துச் சனம். பெருமாள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். என்னைப் பார்க்கவே இல்லை. மிஸ் என் போத்தலைத் திறந்து, அடியில் நின்றதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினார். எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார்.

"இது தண்ணின்னு சொல்லித்தான் பெருமாள் அண்ணன நிப்பாட்டியிருக்கு. தண்ணி எரியாதுதானே?"

நீண்ட குச்சியின் முனையில் தீயை வைத்து நீட்டினார். குப்பென்று மஞ்சளாக எழுந்து, பிறகு நீலமாக அடங்கி, வெயிலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எரிந்தது. "அடி ஆத்தே, தண்ணி எரியுது!" என்று ஒரு கிழவி வாயைப் பொத்தினாள். பெருமாள் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

மிஸ் கோடு போட்ட தாளைக் காட்டி, பார்த்தது இந்தப் பக்கம், நினைத்தது அந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் விளக்கினார். தீ அணைந்ததும் பெரிய துரை குனிந்து தட்டைப் பார்த்தார். அவர் சிங்களவர், ஆனால் எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். எரியாமல் மிஞ்சிய இரண்டு கரண்டித் தண்ணீர் அடியில் கிடந்தது.

"அப்ப இது என்னா? இது எரியலதானே? இது எப்படி உள்ளுக்கு வந்திச்சி?"

மிஸ் வாயைத் திறக்கவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. அந்த நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் பீப்பாய் அலசியவர்கள் தலையில் விழுந்திருக்கும். சாவி வைத்திருந்தவன் தலையில்கூட மறுபடி விழுந்திருக்கும்.

"அது என்னோட தண்ணிங்க சார்" என்றேன். பீப்பாய் அலசச் சொன்னது நான், தண்ணீர் நின்றால் பரவாயில்லை என்றது நான், கையில் ஊற்றியது தானாகக் காய்ந்ததைக் கண்டும் எழுதாமல் விட்டது நான், யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொல்லி முடித்தேன். பிறகு பெருமாளைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கே அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். காளியம்மாவின் மகன் அவன் காலில் விழப் போனான், இவன் தூக்கிவிட்டான். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. முப்பத்தேழு வருடத்தில் ஒரே ஒரு கடிதம். பிரியாவிடையில் போட்ட பொன்னாடையோடு அதையும் மடித்து வைத்திருக்கிறேன். எதைத் தூக்கிப் போட்டாலும் அதைப் போட மாட்டேன்.

ஆனால் பெருமாள் அதற்குப் பிறகு என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுவருவான். "சார், பிரேக் கொஞ்சம் பாருங்க சார்" என்பான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த சார் என்கிற மரியாதை எட்டு மாதமும் என்னைச் சுட்டது. அவனைக் குறை சொல்லவும் வாயில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கலந்தது நல்லதா, கலக்காதது நல்லதா? கலந்ததற்கென்றே செய்த புது வண்டியென்றால் பயமில்லை, பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். பழைய வண்டியென்றால் ரப்பர் குழாய், வாஷர், கார்பரேட்டர் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள், ஸ்பிரிட் பட்டால் பழைய ரப்பர் ஊதிப்போகும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் புல்வெட்டும் மெஷினுக்குக் கலக்காததுதான் உத்தமம். சேமிக்கிற பீப்பாய் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி அலசலாமா என்று யாராவது கேட்டால், தாஸ் வேண்டாமென்றான் என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அளவுக் குழாய் இருக்கிறது. முதலில் தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மிஸ் இப்போது கொழும்புக்கு மாற்றலாகிவிட்டார். இதைப் படித்தால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வயிறு எரிந்ததற்கு மன்னிப்பு, கோட்டுக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற அன்று, மேலே உச்சித் தோட்டத்திலும் எனக்கொரு தேநீர் விருந்து வைத்தார்கள். விருந்து முடிந்ததும், "சார நானே கொண்டுபோய் விடுறேன்" என்று பெருமாள் வேனை எடுத்தான். பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பாறை வளைவு வந்தது. அவன் வேனை ஓரமாக்கி, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். மூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டியது. காளியம்மா மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த இடம் இது.

அரை நிமிடம் இருக்கும். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் இன்ஜின் எடுத்தது.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் பெருமாளு."

"நெனச்சீங்களா, கேட்டீங்களா?"

"காதால கேட்டேன்."

டாஷ்போர்டுக்குள்ளிருந்து வண்டியின் ஓட்டப் புத்தகத்தை எடுத்து, பேனாவோடு என் மடியில் வைத்தான். "அப்ப எழுதிக் குடுங்க."

அடிமட்டம் இல்லை. கோடு கோணலாகத்தான் விழுந்தது. இடது பக்கம் எழுதினேன்: 'பாறை வளைவில் வண்டியை நிறுத்தி எடுத்தார். ஒரே திருப்பில் எடுத்தது. சத்தம் சீர்.' வலது பக்கம் எழுதினேன்: 'வண்டியில் குறை இல்லை. டிரைவரிலும் குறை இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். நான் உத்தியோகத்தில் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

பெருமாள் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். மூடிப் பழைய இடத்திலேயே வைத்தான். கியரைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"போலாமா மச்சான்?"